‘கில்’ என்றால் என்ன என்று கேட்டேன்

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும், வருடம் சரியாக நினைவில்லை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்தாலே இப்போதும் கோபம் வருகிறது. எங்காவது குரல் உயர்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்தூர் பக்கம் பிறந்தவள் நான். ஒன்பதாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. கல்யாணமாகி ஓசூர் வந்தேன். பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் இறங்கும் வரை டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருப்பேன். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால், நான்தான் அவரிடம் “சாரிங்க” என்பேன். இப்படிப்பட்டவளைக் காண்ட்ராக்டர் மூலமாக எடுத்து, “கட்டத்துல நம்பரைப் போட்டுக்கிட்டே போம்மா, அவ்ளோதான்” என்று சொல்லிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

அப்போதெல்லாம் எங்களுக்கு இருந்தது கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும்தான். மவுஸ் கிடையாது. பெரிய மெஷின் ஒன்று உள்ளே குளிர் அறையில் இருக்கும். எங்கள் திரைகள் எல்லாம் ஒயர் வழியாக அதோடு சேர்ந்திருக்கும். திரையில் ஒரு மெனு வரும். பில் போட ஒன்று, திருத்த ஒன்று, பிரிண்ட் எடுக்க ஒன்று. அதற்குள்ளேயே இருந்தால் பயமில்லை. மெனுவை விட்டு வெளியே வந்துவிட்டால் ஒரு டாலர் குறி மட்டும் நின்றுகொண்டு, பக்கத்தில் ஒரு கட்டம் சிமிட்டிக்கொண்டிருக்கும். அங்கே நாம் அடிக்கும் ஆங்கில வார்த்தையை மெஷின் அப்படியே செய்துவிடும். “நிஜமாவா, யோசிச்சுச் சொல்லு” என்று ஒரு வார்த்தை கேட்காது. அந்தச் சிமிட்டலைப் பார்த்தாலே அவசர அவசரமாக மெனுவுக்குள் ஓடிவிடுவேன்.

மெஷினை வைத்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். நான் விசையைத் தொடவே தயங்குவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, ஒரு வார்த்தையப் பார்த்துப் பயமா இருந்தா, நேரா அதை அடிச்சிடாதீங்க. முன்னாடி வாட், ஈஸ் ரெண்டையும் ஒண்ணா வாட்டீஸ்னு சேர்த்து அடிச்சு, ஒரு இடம் விட்டு, அந்த வார்த்தையப் போடுங்க. அது என்னா பண்ணும்னு ஒரே ஒரு வரி சொல்லும். கேக்கறதால மெஷினுக்கு ஒண்ணும் ஆவாது.”

இந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது படித்தவர்களுக்குப் புரியாது. கொழுத்த ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தால் என்னால் ஒரு பக்கம் தாண்ட முடியாது. ஒரு வரி என்றால் முடியும். சாப்பாட்டுப் பையில் சின்ன ஆங்கிலம் தமிழ் அகராதி ஒன்றை வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றிரண்டு வார்த்தை கேட்டுப் பார்ப்பேன். ‘டேட்’ தேதி சொல்லும். ‘ஹூ’ என்றால் இப்போது யார் யார் மெஷினில் இருக்கிறார்கள் என்று சொல்லும். ‘கேட்’ என்று ஒன்று. பூனையைப் பற்றி ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். கோப்பில் இருப்பதைத் திரையில் காட்டுமாம்.

எனக்குப் பக்கத்துத் திரையில் தேன்கனிக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் அக்கா உட்காருவார். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றிலும் வாய் அதிகம்.

“ஏ பிள்ள, மாமியாகிட்ட பேசறதுக்கு முன்னாடி இப்படி ஒரு வரி கேட்டுக்கிட்டுப் பேசியிருந்தா எங்கூட்ல இத்தன சண்டையே வந்திருக்காது” என்பார்.

கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாக ஒரு சார் இருந்தார். நான் இப்படிக் கேட்டுப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. பின்னால் வந்து நின்று, “என்னம்மா, பரீட்சைக்குப் படிக்கிறியா? உனக்கு எதுக்கு இதெல்லாம்? சொன்னதை அடி, போதும்” என்பார். நானும் சாரி சார் சொல்லிவிட்டு மெனுவுக்குள் போய்விடுவேன்.

அந்தக் குளிர் அறைக்குள் எங்களுக்கு அனுமதி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் மட்டும்தான் உள்ளே போவார். விடுமுறைக்கு முந்தைய நாள் பூஜை போட்டபோது, நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டோம். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். உள்ளே இருந்த பெரிய மெஷினுக்கு மட்டும் தனி மரியாதை. பட்டுத் துண்டு போர்த்தி, ஆள் உயர சாமந்தி மாலை சாத்தி, சாம்பிராணி காட்டினார்கள். எங்களுக்குப் பொரியும் சுண்டலும் கிடைத்தது. சாத்தின மாலையை நல்ல நாள் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டதால், விடுமுறை முடிந்து வந்து மெஷினைப் போட்ட பிறகும் அப்படியே இருந்தது.

அன்று காலை வாசலில் சென்னை போக வேண்டிய லாரி நின்றுகொண்டிருந்தது. நான் போட்ட பில் பிரிண்டரில் வரவே இல்லை. டிரைவர் வந்து வந்து எட்டிப் பார்க்கிறார். இன்டர்காமில் சாரைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருந்தார்.

“மெனுவ விட்டு வெளிய வாம்மா. பி.எஸ். அடி. பிரிண்ட் வேலைக்கு நேரா ஒரு நம்பர் காட்டும். கில் அடிச்சு, இடம் விட்டு, அந்த நம்பரைப் போடு. சரியாயிடும்.”

“கில்லுங்களா சார்?”

“ஆமாம்மா, கில்! சும்மா கேள்வி கேட்டுக்கிட்டிருக்காத.” வைத்துவிட்டார்.

அவர் குரல் எப்போதுமே பெரிய குரல். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிக்க முடியும். அக்கா திரும்பிப் பார்த்து, “யாரைக் கொல்லச் சொல்றாரு?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல் என்ற வார்த்தையை நான் எப்படி அடிப்பேன்? நம்பரில் ஒன்று தவறிவிட்டால் எது சாகும்? முதலில் வாட்டீஸ் போட்டு மெஷினிடமே கேட்டுப் பார்த்தேன். “டெர்மினேட்” என்று தொடங்கி ஒரு வரி வந்தது. அந்த வார்த்தைக்கு எங்களுக்கு அகராதி வேண்டாம். காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது காதில் கேட்கிற வார்த்தை அது. திரும்ப இன்டர்காம் அடித்தேன், எடுக்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பயம் வந்தால் அதன் பின்னாலேயே நாலு பயம் வரும். மற்ற நாட்களில் சார் யாரிடமாவது போனில் பேசும்போது என் காதில் விழுந்திருந்த வேறு வார்த்தைகளும் நினைவுக்கு வந்தன. ஆர்.எம்., ஹால்ட், ஷட்டவுன். கை தவறிக்கூட இதையெல்லாம் அடித்துவிடக் கூடாதே, எது எதைச் செய்யும் என்று தெரிந்துகொள்வோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்று கோப்புகளை நீக்குமாம், மற்ற இரண்டும் மெஷினையே நிறுத்துமாம். நல்ல வேளை, தெரிந்துகொண்டோம் என்று மூச்சு விட்டேன்.

சரி, சார் சொன்னதைச் செய்துவிடலாம் என்று விரலைத் தூக்கினேன். திரையில் சிமிட்டல் நின்றுவிட்டது. எந்த விசையை அடித்தாலும் அசைவில்லை. அக்காவின் திரையும் நின்றிருந்தது. ஸ்டோர்ஸில் இருந்தவர் எழுந்து நின்று, “எனக்கும் நின்னுடுச்சு” என்று கத்தினார்.

சார் மீட்டிங்கிலிருந்து ஓடி வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லோருடைய திரையிலும் பாதி நிரப்பிய கட்டங்கள் உறைந்து நின்றன. என் திரையில் மட்டும் கில், ஆர்.எம்., ஹால்ட், ஷட்டவுன் என்று வரிசையாக நின்றது. அழிக்கவும் வழியில்லை. முன்னால் இருந்த வாட்டீஸை விட்டுவிட்டு, அவர் அந்த வார்த்தைகளை மட்டும் சத்தமாகப் படித்தார். டிரைவர் உட்பட எல்லோரும் கூடிவிட்டார்கள்.

“மெஷினையே முடிச்சிட்டியேம்மா!”

“இல்ல சார், நான் என்னான்னுதான்...”

“எழுந்திரு. முதல்ல அந்த எடத்தை விட்டு எழுந்திரு.”

கீபோர்டிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, திருடியைப் போல ஆபீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசர் அங்கே இருந்தார். சார் அவரிடம், நான் மெஷினை நிறுத்தும் வார்த்தைகளாகத் தேடித் தேடி அடித்துவிட்டேன் என்றார். முன்னாலேயே எச்சரித்திருந்தாராம், கேட்கவில்லையாம்.

நான் வாயைத் திறந்தேன். “சார், கில் அடிக்கச் சொன்னது நீங்கதான சார்? இன்டர்காம்ல?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபீசரைப் பார்த்து, “ஒன்பதாவது படிச்சவங்ககிட்ட போய் நான் எதுக்கு சார் அதெல்லாம் சொல்லப் போறேன்?” என்றார்.

அந்த நிமிடம் என் காது மடலெல்லாம் சுட்டது. என் படிப்பு அவருக்கு இத்தனை நாள் ஞாபகத்தில் இல்லை. லாரி நிற்கும்போது, பிரிண்டர் சிக்கும்போது, நான் போனில் கேட்டதையெல்லாம் அடித்துக்கொடுக்க வேண்டியவள். அவர் தலைக்கு ஆபத்து என்றதும் ஒன்பதாவது!

ஆபீசர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் மோசம். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

“பாரும்மா, பெரிசு பண்ண வேணாம். கவனக்குறைவா தப்பு செஞ்சிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு நாலு வரி எழுதிக் குடுத்துடு. நாங்க காண்ட்ராக்டர்கிட்ட பேசி வேற வேலைக்கு மாத்தி விடறோம். இல்லைனா பெங்களூர்லருந்து ஆள் வந்து பாத்து ரிப்போர்ட் குடுத்தா, அப்புறம் என் கையில இல்ல.”

நான் செய்யாததற்குக்கூட மன்னிப்புக் கேட்டே பழகியவள். நாலு வரி எழுதுவது எனக்குப் பெரிய காரியமா? ஆனால் அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ முரண்டு பிடித்தது. என்ன தப்பு என்று எழுதுவது? இது என்ன என்று கேட்டேன் என்றா?

“நான் எதையும் செய்யல சார். என்னான்னு பாத்தேன். பாத்ததுக்கு எதுக்கு சார் எழுதணும்?” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்து நின்றார். “சார், கில் அடின்னு அவருதான் சொன்னாரு. பக்கத்துல இருந்த எனக்கே கேட்டுச்சு. அவர் பேசினா சானமாவு காட்டு யானைக்கே கேக்கும்.”

“நீ போய் உன் வேலையப் பாரும்மா.”

“எந்த வேலையப் பாக்க சார்? மெஷின்தான் செத்துக் கெடக்குதே!”

அக்காவை அனுப்பிவிட்டார்கள். என்னை அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். தாளும் பேனாவும் உள்ளே மேஜையிலேயே இருந்தன. மனசு மாறினால் வந்து எழுதலாம் என்றார்கள்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் எண்ணாத எண்ணமில்லை. கம்ப்யூட்டரைக் கெடுத்தவள் என்று காண்ட்ராக்டர் நாலு பேரிடம் சொன்னால் போதும், சிப்காட்டில் எந்த கேட்டிலும் என்னை உள்ளே விட மாட்டார்கள். அதே காண்ட்ராக்டர்தான் என் வீட்டுக்காரரையும் வேறு கம்பெனியில் சேர்த்துவிட்டவர். அவர் வேலையும் போனால்? போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எழுதிவிடலாம் என்று ஒருமுறை எழுந்தேகூட விட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். நிம்மதியாக, பிஸ்கட்டை நனைத்து நனைத்து. அதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டேன். என் பயத்தைவிட அந்த பிஸ்கட் பெரிதாகிவிட்டது.

மத்தியானம் தாண்டி பெங்களூரிலிருந்து சர்வீஸ் ஆள் பைக்கில் வந்து சேர்ந்தார். வழியில் அத்திப்பள்ளியில் வண்டிகள் நகரவே இல்லையாம். ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஆபீசரும் சாரும் கூடவே போனார்கள். நானும் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவருகில் நின்றேன். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் மெஷினின் பின்பக்கம் கையை வைத்தார். சுட்ட தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் பட்டுத் துண்டைத் தூக்கினார். நாலு பக்கமும் குழந்தைக்குச் சுற்றுவதுபோல இழுத்துச் செருகியிருந்தார்கள். பின்னால் காற்று வெளியே போகிற இடத்தில் சாமந்தி மாலை அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த விசிறியில் இதழ்கள் சிக்கிக் கருகியிருந்தன.

“இது யாரு மாடித்து?” என்று கேட்டார். யார் செய்தது இது என்று. ஓசூரில் கன்னடம் புரியாதவர் யார்? ஆபீசர் சாரைப் பார்த்தார்.

“ஆயுத பூஜை...” என்று சார் மென்று விழுங்கினார்.

“பூஜெ மாடி சார். ஆத்ரெ உசிரு பிடோக்கெ ஜாக பேக்கல்வா?”

பூஜை செய்யுங்கள், ஆனால் மூச்சு விட இடம் வேண்டாமா என்று அவர் கேட்டதும், எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்த அக்கா பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

சார் அப்போதும் விடவில்லை. அந்தப் பெண்ணின் திரையைப் பாருங்கள், கில், ஷட்டவுன் எல்லாம் அடித்திருக்கிறாள் என்றார். சர்வீஸ் ஆள் வெளியே வந்து, இன்னும் உறைந்தே நின்ற என் திரையைக் குனிந்து படித்தார்.

“சார், இவங்க எதையும் செய்யலை. இது என்னன்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான்.” பிறகு என்னைப் பார்த்து, “எதுக்கும்மா இதையெல்லாம் பார்த்தீங்க?” என்றார்.

“கில் அடிக்கச் சொன்னாங்க. என்னான்னு தெரியாம எப்படிங்க அடிக்கிறது? மத்ததெல்லாம்... தப்பித் தவறி அடிச்சிடக் கூடாதுன்னு பயந்துக்கிட்டுப் பாத்தேன்.”

“யார் அடிக்கச் சொன்னது?”

நான் சாரைப் பார்த்தேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆபீசர்தான் இடையில் புகுந்தார். “சரி, சரி, லாரி நிக்குது. மெஷின் ஆறினதும் பில்லப் போடுங்க.”

அவ்வளவுதான்! காலையிலிருந்து ஒரு மனுஷியைத் திருடியாக்கி ஸ்டூலில் உட்கார வைத்ததற்கு, “பில்லப் போடுங்க.” தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. மெஷின் ஆறியது. நான் உட்கார்ந்து பில் போட்டேன். லாரி போனது.

வீட்டில் போய்ச் சொன்னால், என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அந்த நாலு வரிய எழுதிக் குடுத்திருந்தா அவ்ளோ நேரம் உக்கார வெச்சிருக்க மாட்டாங்க இல்ல?” என்றார். ரசத்துக்குக் கையை நீட்டினார். பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இதைவிடக் கொடுமை அடுத்த நாள் நடந்தது. எங்கள் யாருக்கும் மெனுவை விட்டு வெளியே வர முடியவில்லை. டாலர் குறியே கிடையாது. ஆட்கள் தேவையில்லாத வேலை பார்க்கிறார்கள் என்று சார் அடைத்துவிட்டாராம். யோசித்துப் பாருங்கள். மெஷினை மூச்சு முட்ட வைத்தது மாலை. அதற்குத் தண்டனையாகப் பறிபோனது, நான் இது என்ன என்று கேட்பதற்கு இருந்த ஒரே ஒரு வரி. அடுத்த வருடமும் பூஜைக்கு மாலை சாத்தினார்கள். முன்பக்கமாக மட்டும்.

சில நாள் கழித்து கேன்டீனில் கை கழுவுகிற இடத்தில் சார் எனக்குப் பக்கத்தில் நின்றார். அக்கம் பக்கம் யாருமில்லை. கேட்டுவிட்டேன்.

“சார், கில் அடிக்கச் சொன்னது நீங்கதான?”

“அதான் முடிஞ்சு போச்சே. இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு... விடும்மா.”

“முடிஞ்சது இருக்கட்டும் சார். சொன்னீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

அவர் குழாயை மூடாமலே போய்விட்டார். நான்தான் மூடினேன்.

அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அங்கேயே வேலை பார்த்தேன். என் சுபாவம் ஒன்றும் மாறிவிடவில்லை. பூட்டை இப்போதும் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தாலும், பேங்கில் கையெழுத்துப் போடச் சொன்னாலும், “இது என்னாதுங்க?” என்று கேட்காமல் கையை நீட்டுவதில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், கவுன்ட்டரில் இருப்பவர் முகம் சுளிப்பார். சுளித்துக்கொள்ளட்டும். அன்று அந்த அறையில், கேட்டது என் தப்பு என்று நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அதற்குப் பிறகு என் ஆயுளில் யாரிடமும் எதையும் கேட்கும் தைரியம் எனக்கு வந்திருக்காது.